ஒரே சாலையில் இரண்டு முறை புதுச்சேரி!

மார்கழி விடுமுறைக்குக் கல்பாக்கத்தில் உறவினர் வீட்டுக்கு வருபவர்கள், ஒருநாளாவது பாண்டிச்சேரி பக்கம் கிளம்பிவிடுவார்கள். காலை டிபனை முடித்துப் புறப்பட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் இரண்டு மணி நேரம்தான்.

வழியில் கடப்பாக்கத்தில் சற்று இறங்கலாம். கழிமுக ஓரம் சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை, 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்து இடித்தார்கள். அடுத்து மரக்காணம் உப்பளங்கள். பக்கத்திலேயே, குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் கழுவேலி.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. காலாப்பட்டு வந்ததும் புதுச்சேரி. பல்கலைக்கழகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அது முடிந்துவிடும். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் மீண்டும் தமிழ்நாடு. அதையும் கடந்தால் மறுபடி புதுச்சேரி! பிரெஞ்சுக்காரர்களிடம் துண்டு துண்டாக இருந்த ஊர்கள், அப்படியே யூனியன் பிரதேசமாகிவிட்டன.

ஒருகாலத்தில் இது இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே இருந்த எல்லை. பக்கத்து ஊருக்குப் போகவும் சுங்கச் சோதனை உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

இப்போது போலீஸார் வண்டியை நிறுத்தினால், பெரும்பாலும் மது பாட்டிலைத் தேடித்தான். அன்று பெரியவர்கள் மூட்டையைப் பிரித்துக் காட்டிய எல்லையை, இன்று பின்சீட்டில் தூங்கியபடியே பிள்ளைகள் கடந்துவிடுகிறார்கள்.