ஒரு படி சொத்தைக் கடலை

விருதுநகரில் பிறந்தவனுக்கு எண்ணெய் வாடையும் வற்றல் நெடியும் கூடப் பிறந்தவை. 1974-ல் ஓர் எண்ணெய் மில்லின் கிட்டங்கியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். கடலைப் பருப்பு மூடை மூடையாக வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் புடைத்து, சுருங்கியது, கறுத்தது, பச்சையாய்ப் பூசணம் பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி ஒதுக்குவார்கள். நல்ல பருப்பு வெளியூருக்கு, சொத்தை செக்குக்கு. சாயங்காலம் அந்தச் சொத்தையில் ஒரு படி கேட்பார்கள். "எடுத்துட்டுப் போங்க" என்பேன். "அண்ணாச்சிக்கு நல்ல மனசு" என்பார்கள். கழுவி வறுத்துப் பிள்ளைகளுக்குத் துவையல் அரைப்பார்கள்.

போன தீபாவளிக்கு, மதுரையில் நுண்ணுயிரியல் படிக்கும் பேத்தி வந்திருந்தாள். இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"தாத்தா, அந்தப் பச்சைப் பூசணத்துக்குப் பேரு ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்."

1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தனவாம். காரணம், தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கு. அதில் கண்டுபிடித்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர். ஈரலைக் கெடுக்கும், நாள்பட்டால் ஈரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1974-ல், ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று, மஞ்சள் காமாலை கண்டு நூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

"நாங்கதான் கண்ணால பார்த்துப் பொறுக்கினோமே, தாயி?" என்றேன்.

"பூத்தது மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும், தாத்தா."

முன்பெல்லாம் ஆய்வுக்கூடத்தில் பருப்பைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பூஞ்சையை வளர்ப்பார்களாம். வேகமாக வளர்வது மற்றதை மூடிவிடும்; பல பூஞ்சைகள் தட்டில் வளரவே வளராது. இப்போது மண்ணையோ பருப்பையோ அரைத்து, அதிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் பிரித்தெடுத்து, ஐடிஎஸ் என்னும் ஒரு பகுதியை மட்டும் படிக்கிறார்கள். பூஞ்சைகளின் பொது அடையாளமாக 2012-ல் அதை முன்வைத்தார்கள். ஒரே மாதிரியில் எத்தனை வகைப் பூஞ்சை இருக்கிறது என்று, வாக்காளர் பட்டியல் மாதிரி வந்துவிடும்.

ஆனால் பட்டியலில் பேர் இருப்பதால் மட்டும் ஒருவன் திருடனா, நல்லவனா என்று தெரியுமா? ஜப்பானில் சோயா சாஸ் செய்ய உதவும் பூஞ்சை இந்த ஃபிளேவஸுக்குப் பங்காளி. ஐடிஎஸ்-ஸை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். ஃபிளேவஸிலும் நஞ்சு செய்யாத சாதுக்கள் உண்டு. அவற்றை அமெரிக்காவில் வயலில் தூவி, நஞ்சுக்காரனுக்கு இடமில்லாமல் செய்கிறார்கள். ஆகவே நஞ்சு தயாரிக்கும் மரபணுக்களைத் தனியாகத் தேட வேண்டும். நஞ்சின் அளவை வேதியியல் சோதனையில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். காய் முற்றும் சமயத்தில் மழை பொய்த்தால், மண்ணுக்குள்ளேயே பூஞ்சை கடலைக்குள் புகுந்துவிடுமாம். சிவகாசிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் கொடுத்த அதே வறட்சி! நாங்கள் சுளகில் தேடியது வயலிலேயே ஏறிவிட்டிருக்கிறது. நனைந்த சாக்கு அதை இன்னும் வளர்த்திருக்கும்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பொறுக்க வந்தவர்களில் ஓர் அக்கா, நாற்பது வயதுக்குள் ஈரல் கெட்டு இறந்துபோனார். அவர் வீட்டுக்காரர் குடிகாரர், அவர் குடிக்காதவர். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கடலைதான் காரணம் என்று இன்று நான் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன். அந்த ஒரு படி மட்டும் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

இப்போது வீட்டில் சுருங்கிய பருப்பைக் கண்டால் குப்பையில் போட்டுவிடுகிறேன். "மாட்டுக்காவது வைக்கலாமே" என்பாள் என் மனைவி. வேண்டாம், அது பாலிலும் இறங்கும். நீங்களும் தூரப் போடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.