சாட்சிக் கையெழுத்து

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடம் 1940-க்கு முன் எழுந்தது. எங்கள் தந்தையார் 1958-ஆம் ஆண்டில் பகடி கொடுத்து அதில் இரண்டு அறைகளைப் பெற்றார். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை உயரவொட்டாமல் தடுத்தமையால், வீட்டுக்காரர் சுண்ணாம்பு பூசவும் மனங்கொண்டாரில்லை. மழைக்காலந்தோறும் கூரையிலிருந்து காரை உதிரும். குழந்தைகளின் படுக்கையை இடம் மாற்றுவோம்.

அன்பர்களிற் பலர் இத்தகைய கட்டடங்களில் வாழ்கிறவர்கள். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறோம். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி செஸ் வரி செலுத்தி வந்தோம். அப்பணம் ஒட்டுப்போடத்தான் காணும். புதிதாய்க் கட்டுவதற்கு அரசாங்கம் அளிப்பது பணமன்று, உயரம். பழைய குடித்தனக்காரர் அனைவருக்கும் இலவசமாக வீடு கட்டித் தருகிறவர், அவ்வீடுகளின் பரப்பில் நூற்றுக்கு 50 பங்கு கூடுதலாகக் கட்டி விற்றுக்கொள்ளலாம். பல மனைகளை ஒன்றுசேர்த்தால் அச்சலுகை 70 பங்கு வரை ஏறும். குடித்தனக்காரருக்குக் குறைந்தது 300 சதுர அடி. கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால் மேல்மாடியை யாரோ ஒரு செல்வந்தர் விலைக்கு வாங்கினாலன்றிக் கீழ்மாடியில் எங்களுக்கு வீடில்லை என்பதை நாங்கள் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

2014-இல் இசைவுப் படிவம் வந்தது. அக்காலத்தில் நூற்றுக்கு 70 பேர் இசைய வேண்டும். இப்பொழுது 51 பேர் போதும். கீழ்த்தளத்துப் பாட்டி மட்டும், "கட்டாமல் ஓடிப் போனான் என்றால் நான் எங்கே போவேன், அப்பா?" என்றார். மூன்று மாலைகள் அவரெதிரே அமர்ந்து, மின்தூக்கியையும் தனிக் கழிப்பறையையும் வருணித்து இசைய வைத்தவர்கள் நாங்களே.

கட்டடம் இடிபட்டது. மாற்றிடத்துக்கான வாடகைப் பணம் இரண்டாம் ஆண்டிலேயே நின்றது. நான்காம் மாடித் தூண்களோடு வேலையும் நின்றது. கடன் முற்றியதாம்! நாங்கள் டோம்பிவிலிக்குக் குடிபெயர்ந்தோம். பாட்டி மகள் வீட்டில் கண்மூடினார். இவ்வாறு நின்ற வேலைகளை அரசு வாரியமே ஏற்று நடத்த 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. நாங்களும் மனுக் கொடுத்திருக்கிறோம்.

ஒப்பமிடும் அன்பர்கள், பதிவு செய்த ஒப்பந்தமும் வங்கி உத்தரவாதமும் கைக்கு வருமுன் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். பாட்டியின் படிவத்து நகல் இன்றும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. அவருடைய கைநாட்டின் கீழே, சாட்சி என்ற இடத்தில், எங்கள் கையெழுத்து.