பத்து மீட்டரும் ஒன்றரை லீட்டர் போத்தலும்

பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் ஓடியிருக்கிறோம், வொலிபோல் ஆடியிருக்கிறோம். துப்பாக்கி சுடுவதும் ஒரு விளையாட்டுன்னு எங்க தோட்டப் பக்கம் யாரும் சொன்னதில்லை. துப்பாக்கி என்றாலே வீட்டுப் பெரியவங்களுக்கு செக்பொயின்ட்டும் அடையாள அட்டையும்தான் ஞாபகம் வரும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் எயார் பிஸ்டலில் வெண்கலம் எடுத்தபோதுதான் நாங்க இதை ஒழுங்காகக் கவனித்தோம். வெறும் 0.1 புள்ளியில் வெள்ளி கைவிட்டுப் போனது. தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 சூடு. ஏறக்குறைய ஒரு கிலோ பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்கணும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான்.

கை கல்லு மாதிரி நிக்கணும்னு நினைச்சோம். அப்படியில்லை, யாருடைய கையும் ஆடும். பிஸ்டல் முழுசாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குறியும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். ஆனால் முன் சைட்டும் பின் சைட்டும் ஒரு மில்லிமீட்டர் கோணினால்? இரண்டுக்கும் நடுவில் 35 சென்டிமீட்டர் என்று வைத்தால், பத்து மீட்டருக்கு அப்பால் அது மூன்று சென்டிமீட்டருக்குக் கிட்ட. அதனால்தான் கண் முன் சைட்டில் இருக்கணும், இலக்கு மங்கலாகத் தெரிஞ்சா போதும் என்கிறார்கள். விசையையும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நேராகப் பின்னால், மெதுவா. கொழுந்து பறிக்கிறவங்க செடி ஆடாமல் விரலால் மட்டும் கிள்ளுவதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டென்று புரியும்.

அப்போ உடல் பலம் எதுக்கு? அறுபதாவது சூடும் முதல் சூடு மாதிரி இருக்கத்தான். தோள், முதுகு, இடுப்பு, கால் எல்லாம் களைத்தால் சைட் கோணும்.

இங்கதான் எங்களுக்கு ஒரு வாக்குவாதம் வந்தது. பலம்னா எங்க அம்மாமாருக்கு இல்லாததா? ஒரு நாளைக்கு 18 கிலோ, 20 கிலோ கொழுந்து பறித்து மலையில் ஏறி இறங்குறாங்க. ஆனால் பயிற்சியில் பாரம் கொஞ்சங் கொஞ்சமா ஏறும், நடுவில் ஓய்வும் நல்ல சாப்பாடும் இருக்கும், தசை வளர்வது அந்த ஓய்வில்தான். மலையில் முப்பது வருசமா அதே பாரம், அதே பக்கம். மிஞ்சினது தோள் நோவு. அதை யாரும் விளையாட்டுக்காரியின் உடம்பென்று பார்த்ததேயில்லை.

ஹங்கேரியின் கரோலி டகாச் 1938இல் வலது கையில் கிரனேட் வெடித்த பிறகு இடது கையால் முதலிலிருந்து பழகி, 1948இலும் 1952இலும் பிஸ்டலில் தங்கம் எடுத்தார். மனு பாக்கரும் டோக்கியோவில் பிஸ்டல் பழுதாகி இறுதிச் சுற்றை இழந்தவர்தான்.

எங்ககிட்ட பிஸ்டல் இல்லை. ஒன்றரை லீட்டர் போத்தலில் முதலில் அரைவாசித் தண்ணி, பிறகு முழுசு. கை நீட்டி முப்பது விநாடி, ஒரு நிமிசம் ஓய்வு, திரும்ப. கிழமையில் மூணு நாள். லயத்து வாசலில் நின்று செய்வதால் போற வாறவங்க எல்லாம் என்ன வேண்டுதல்னு கேக்குறாங்க.