பிந்தி வந்தவர்கள்

மராட்டிய மண்ணில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்து திருமணச் செய்தி வந்தாலும் இழவுச் செய்தி வந்தாலும் முதலில் கையில் எடுப்பது இரயில் கால அட்டவணையைத்தான். மதுரைக்கு முப்பது மணி நேரத்துக்கும் மேலான பயணம்; முன்பதிவு கிட்டாவிட்டால் புறப்படுவதே இரண்டு நாள் தள்ளிப்போகும். நாம் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்திருக்கும். அல்லது சிதை ஆறியிருக்கும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இதனை அறியாத இல்லம் இராது. 2006-இல் எங்கள் தந்தையார் மறைந்தபோது, மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரை நாங்கள் அடைந்தது மூன்றாம் நாள் காலை. "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று திண்ணையிலிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். அவர் அன்போடுதான் கேட்டிருக்க வேண்டும். ஆயினும் அச்சொல் எங்களோடு மும்பைக்கு வந்து, இத்தனை ஆண்டுகளாக ஆண்டாப்ஹில் குடியிருப்பின் இரண்டு அறைகளில் எங்களுடனேயே வாழ்ந்து வருகிறது.

2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்த எங்கள் மகன், ஸ்பெயின் தேசம் போகவேண்டும் என்றான். முதுகில் ஒரு பை, காலில் நல்ல செருப்பு, கோடைத் திருவிழா: இவ்வளவுதான் வேண்டுமாம். இவ்வாசைக்கு வித்திட்டது 2011-இல் வெளிவந்த 'ஜிந்தகி ந மிலேகி தொபாரா' என்னும் இந்தித் திரைப்படம். அதில் நண்பர் மூவர் புன்யோல் என்னும் ஊரின் தக்காளித் திருவிழாவில் புரள்கின்றனர். பாம்ப்லோனா நகரத்தில் காளைகளுக்கு முன்னே ஓடுகின்றனர். பாம்ப்லோனாவின் விழா ஜூலை 6 முதல் 14 வரை நிகழ்வது. ஹெமிங்வே 1926-இல் எழுதிய நாவலால் உலகறிந்தது. வெள்ளை உடையும் கழுத்தில் சிவப்புக் குட்டையும் அணிந்துகொண்டால் எந்நாட்டாரும் அவ்வூராரே. புன்யோல் தக்காளிக்கோ 2013 முதல் கட்டணச் சீட்டு உண்டு. நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பை வாங்க இயலும், செருப்பும் வாங்க இயலும், ஸ்பெயின்தான் இயலாது.

ஆனால் மத்திய அரசு எழுத்தருக்கு வேறொரு வரம் உண்டு. அது விடுமுறைப் பயணச் சலுகை. பணிப் பதிவேட்டில் 'சொந்த ஊர்' என்று ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். பணிக்காலம் முழுவதிலும் ஒரேயொரு முறைதான் அதனை மாற்ற முடியும். எங்கள் பதிவேட்டில் இன்னும் அச்சிற்றூரே இருக்கிறது. வீடு விற்றுப் பல ஆண்டுகளாகின்றன என்பதைப் பதிவேடு கேட்பதில்லை. ஆகவே, தங்க வீடில்லாத சொந்த ஊருக்கு, ஆளுக்கொரு முதுகுப்பையோடு மூவரும் புறப்பட்டோம். நோக்கம் சித்திரைத் திருவிழா. அழகர்கோயிலிலிருந்து மதுரைவரை, ஏறத்தாழ இருபத்தொரு கிலோமீட்டர், கள்ளழகரோடு நடப்பது.

ஏப்ரல் 21 அன்று மதுரையில் வந்திறங்கியபோது நண்பகல். மீனாட்சியம்மன் திருக்கல்யாணம் காலையிலேயே முடிந்து, மஞ்சள் சரடு மாற்றிக்கொண்ட பெண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். வழக்கம்போலப் பிந்திவிட்டோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று மாலை பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்று, கள்ளர் வேடத்தில், தங்கப் பல்லக்கில் அழகர் மலையைவிட்டு இறங்கினார். முன்னே தீப்பந்தங்கள், பின்னே உண்டியல் வண்டிகள். எங்கும் வேட்டுச் சத்தமும் "கோவிந்தா" முழக்கமும். வழிநெடுக மண்டகப்படிகள், நானூறுக்கும் மேற்பட்டவை என்பர். ஒவ்வொன்றிலும் நின்று, மரியாதை பெற்று, மீண்டும் புறப்படுவதால் பல்லக்கின் நடை நம் நடையினும் மெதுவானது. அவரைவிட முன்னே போய்விட்டு, அவருக்காகச் சாலையோரத்தில் காத்திருப்பது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

நள்ளிரவு கடந்து, அப்பன்திருப்பதிப் பக்கத்தில், கால் கொப்பளித்து ஒரு நீர்மோர்ப் பந்தலில் அமர்ந்தோம். பந்தல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வீட்டு வாசலில் நான்கு கீற்று, இரண்டு அண்டா. மோர் ஊற்றிக்கொண்டிருந்த மூதாட்டி எங்கள் முதுகுப்பைகளைப் பார்த்துவிட்டு, "எந்தூருலருந்து வாரீக?" என்றார்.

"மும்பை, பாட்டி" என்றான் மகன்.

"ஆத்தீ, அம்புட்டுத் தொலவா? கலியாணம் பாத்தீகளா?"

"இல்லை பாட்டி. நாங்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது."

"அழகருக்கே கெடைக்கல, ஒங்களுக்குக் கெடைச்சிருமாக்கும்! உக்காரு தம்பி, மோரக் குடி. தாயி, நீ காலை நீட்டு" என்று எங்கள் இல்லத்தரசியின் பாதத்துக்கு விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். குலம் என்ன, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு சொல் கேட்கவில்லை. மண்டகப்படியில் யார் முன், யார் பின் என்னும் வழக்குகள் பழங்காலந்தொட்டு உண்டு என்பதை அறியாதவர்கள் அல்லோம்; அந்தத் திண்ணையில் அன்றிரவு அது இல்லை.

அவர் சொன்ன கதை எல்லோரும் அறிந்ததுதான். தங்கை மீனாட்சியின் திருமணத்துக்குச் சீரோடு வருகிறார் அழகர். வைகைக்குள் இறங்கும்போதே தாலி கட்டியாயிற்று என்று கேள்விப்பட்டு, நகருக்குள் நுழையாமல் வண்டியூர் போய்விடுகிறார். கோயிற் புராணம் இவ்வாறு சொல்வதில்லை. தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு விமோசனம் தரவே அவர் வருகிறார் என்கிறது அது. தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் இவ்விரண்டையும் விரித்துரைத்துள்ளார். தனித்தனியே வெவ்வேறு மாதங்களில் நடந்த மதுரை விழாவையும் அழகர் விழாவையும் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் சித்திரையில் ஒன்றாக்கினார் என்பர். இணைத்தபோது திருமணம் முன்னதாகவும் அண்ணன் வருகை பின்னதாகவும் அமைந்தது. மன்னர் விட்ட அந்த இடைவெளியை மக்கள் ஒரு கதையால் நிரப்பினார்கள். தூரத்தில் பிழைக்கப் போனவனை அறிந்தவர்கள் கட்டிய கதை அது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

மறுநாள் மூன்றுமாவடியில் எதிர்சேவை. இதனைச் சிறுவயதில் மாட்டுவண்டியிலிருந்து பார்த்ததுண்டு, பொருள் புரிந்ததில்லை. பிந்தி வருகிறவரை நகரமே எல்லைக்கு வந்து எதிர்கொள்கிறது. சர்க்கரை நிறைத்த செம்பின்மேல் கற்பூரம் ஏற்றி நீட்டுகிறார்கள் பெண்கள். அழகர் வேடமிட்டவர்கள் தோப்பறையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. கூட்டத்தில் எங்கள் மூவரின் கண்களும் கலங்கின. தோப்பறைத் தண்ணீர் முகத்தில் வழிந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை ஏற்று, தங்கக் குதிரை ஏறி, 23-ஆம் தேதி விடியலில் வைகையில் இறங்கினார். 1959-இல் கட்டி முடித்த வைகை அணையிலிருந்து இதற்கெனவே திறந்துவிட்ட நீர். 2022-இல் இந்நெரிசலில் இருவர் உயிரிழந்ததை நினைத்து நாங்கள் கரைமேட்டிலேயே நின்றுகொண்டோம். மகன் மட்டும் கேளாமல் இறங்கி, இடுப்பளவு நனைந்து வந்தான். ஸ்பெயின் பேச்சை அவன் கைவிட்டுவிட்டான் என்று எண்ணவேண்டா. பாம்ப்லோனாவுக்கும் போகத்தான் போகிறானாம்.

திரும்பும் வண்டி வாடி சந்திப்பைத் தாண்டுகையில், மேல்படுக்கையிலிருந்து கைப்பேசியைப் பார்த்தபடி, "அப்பா, அடுத்த வருஷம் சித்ரா பௌர்ணமி மே 12, திங்கட்கிழமை. ஆபீஸ் இருக்குமே?" என்றான்.

விடுமுறைப் பட்டியல் எங்களுக்கு மனப்பாடம். அன்று புத்த பூர்ணிமா. அலுவலகம் இல்லை என்றோம்.