நாள் குறிக்காத பிரயாணம்

பிரயாணத்தின் இன்பத்தில் பாதி, வீட்டு வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. தேசப்படத்தை விரித்துக் கொண்டு, செலவில்லாமல், வெயில் படாமல் நாம் சுற்றி வராத ஊர் இல்லை. ஆனால் இந்த வருஷம் நாம் போட்ட திட்டம் ஒன்று நம்மைக் கொஞ்சம் தலைகுனிய வைத்தது. பிறகு நன்மையும் செய்தது. அதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

நமக்குத் தூண்டில் பைத்தியம் உண்டு. மீன் உண்ணாத நேயர்கள் பொறுத்தருள வேண்டும். படகேறிப் போகும் தைரியம் நமக்குக் கிடையாது. கரையில் நின்று, அலைக்கு அப்பால் நரம்பை வீசி, கிழங்கானோ காலாவோ சிக்காதா என்று காத்திருப்பதோடு சரி. சென்னைக் கடற்கரையில் 15 வருஷ காலம் இவ்விதம் நின்றிருக்கிறோம். இந்த ஐப்பசியில் பழகாத கரை ஒன்றுக்குப் போவதென்றும், எட்டாம் வகுப்பில் படிக்கும் நம் குமாரனையும் அழைத்துச் செல்வதென்றும் தீர்மானித்தோம். தேர்ந்தெடுத்த இடம், தரங்கம்பாடியிலிருந்து வடக்கே காவிரி கடலில் கலக்கும் பூம்புகார் வரையுள்ள கரை.

ஐப்பசி ஏன் என்று கேட்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம் அது. ஆறுகளில் வெள்ளம் வந்து, முகத்துவாரங்களை அடைத்திருக்கும் மணல் திட்டுகளை உடைக்கிறது. உள்ளே இருந்த இறாலும் சிறு மீன்களும் கடலுக்கு அடித்து வரப்படுகின்றன. அவற்றைத் தேடிக் கொடுவா முதலிய பெரிய மீன்கள் கரையோரம் வருகின்றன. தீபாவளியை ஒட்டி அமாவாசை வேறு. ஏற்றவற்றம் அதிகமாக இருக்கும். ஆகவே தீபாவளிக்கு மறுநாள் இரவு ரயிலேறி மயிலாடுதுறையில் இறங்குவது, இரண்டு நாள் முகத்துவாரத்தில் நிற்பது என்று திட்டம் தயாராயிற்று. கோல் இரண்டு, நரம்பு, ஈயக்குண்டு, மூன்று அளவில் முள், இரைப்பெட்டி, விளக்கு என்று ஜாபிதாவும் எழுதியாயிற்று.

அதை நம் இல்லத்தரசியிடம் பெருமையுடன் நீட்டினோம். அவள் இரண்டு முறை வாசித்தாள்.

"எல்லாம் மீன் பிடிப்பதற்குத்தான் இருக்கிறது. நீங்கள் இருவரும் திரும்பி வருவதற்கு இதில் என்ன இருக்கிறது?" என்றாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 6 வருஷத்துக்கு முன் வேறொரு முகத்துவாரத்தில் நம் காலடி மணல் திடீரென்று சரிந்தது. முழங்கால் அளவு நீர் ஒரு நொடியில் மார்பளவு ஆயிற்று. உடன் வந்த சிநேகிதர் தம் கோலை நீட்டி இழுத்திராவிட்டால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. வீட்டுக்கு வந்து, "கோல் ஒன்று போய்விட்டது" என்று மட்டும் சொன்னோம். சட்டைப் பையிலிருந்த மணலைப் பார்த்து அவள் மீதியைத் தெரிந்து கொண்டாள்.

பதில் சொல்ல வாயில்லாமல், புரட்டாசியிலேயே ஒரு நாள் குமாரனுடன் போய்க் கரையைப் பார்த்து வர ஒப்புக் கொண்டோம்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது. அதற்கருகே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டிய மன்னன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இவ்வூருக்குள்ளும் புகுந்தது. கருங்கல்லையே விழுங்கிய கடலுக்கு முன்னால் நமது தேசப்படம் எம்மாத்திரம்?

சற்று வடக்கே ஒரு குப்பத்தில், வலையைப் பழுது பார்த்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு, "பெரியவரே, இங்கே தூண்டில் போட நல்ல இடம் எது?" என்று விசாரித்தோம்.

அவர் கடலைக் காட்டினார். "இரண்டு பக்கமும் அலை உடையுது, நடுவிலே உடையாம கறுப்பாத் தெரியுதே, அது என்னன்னு நினைக்கிறீங்க, ஐயா?"

"அங்கே ஆழம். மீன் வரும் வழி" என்றோம், நம் ஞானத்தைக் காட்டிக் கொண்டு.

"சரிதான். மீன் வர்ற வழி அதுதான். ஆளை இழுத்துக்கிட்டுப் போற வழியும் அதுதான்."

அலை கரைக்குக் கொண்டு வரும் நீரெல்லாம் அந்தப் பள்ளத்தின் வழியேதான் கடலுக்குத் திரும்புகிறதாம். அதில் அகப்பட்டவன் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப் போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகினால் பிழைப்பான். முகத்துவாரத்தைப் பற்றிக் கேட்டோம். "அது நேத்து இருந்த இடத்திலே இன்னைக்கு இருக்காது. மேலே மணல் கெட்டியா இருக்கும், அடியிலே தண்ணி அரிச்சிருக்கும்" என்றார். நமக்கு அது தெரியும், மார்பளவு தெரியும்.

பிறகு குமாரனைப் பார்த்து, "தம்பி, நீந்தத் தெரியுமா?" என்றார்.

"குளத்தில் தெரியும், தாத்தா" என்றான் அவன். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் நமக்கு உறைத்தது.

தீபாவளிக்கு மறுநாள் புறப்படப் போவதாகச் சொன்னோம். "நாளை நீங்க குறிச்சா எப்படி ஐயா? வாடைக் காத்துல்ல குறிக்கணும்! நாங்களே அதைக் கேட்டுக்கிட்டுத்தான் இறங்குறோம். வர்றதுக்கு முன்னே ஒரு வார்த்தை கேளுங்க" என்று தம் பேரனின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்.

திரும்பும்போது ரயிலில் எண்ணிப் பார்த்தோம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில். நாகப்பட்டினத்தைச் சூறையாடியது 1977 நவம்பரில். வேதாரண்யத்தருகே 'கஜா' கரை கடந்தது 2018 நவம்பர் 16-இல். மீன் வரும் பருவமும் புயல் வரும் பருவமும் ஒன்றாகவே இருக்கின்றன.

இப்போது புது ஜாபிதா எழுதியிருக்கிறோம். முகத்துவாரம் அடிக்கப்பட்டுவிட்டது. திறந்த கரையில், பகலில் மட்டும். முதல் அரை மணி நேரம் கோலைத் தொடாமல் கடலைப் பார்ப்பது. பெரிய அலை நனைத்த கோட்டுக்கு மேலேதான் குமாரன் நிற்பது. அங்கும் மிதவைச் சட்டையுடன். கரைவலை இழுக்கும் இடத்தில் தூண்டில் வீசுவதில்லை. நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்குச் சோறு. இடி கேட்டால் கோலைக் கீழே போட்டு ஊருக்குள் போவது. கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கெளுத்தி முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை வைத்தால் வலி தணியும். அதற்காக இல்லத்தரசியின் உபயம், ஒரு பிளாஸ்க் வெந்நீர். புறப்படும் முன் வானிலை இலாகாவின் எச்சரிக்கையைப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் கடைசியில் முதியவரைக் கேட்பது.

'புறப்படும் நாள்' என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. குமாரன் தினம் அதைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறான். முதியவர் "வாங்க" என்றால் போவோம். "வேண்டாம்" என்றால், தீபாவளிப் பலகாரத்தைத் தின்று கொண்டு, தேசப்படத்தில் இன்னொரு முறை போய் வருவோம்.