சூடாறாத லத்தி

ஜூலை 11, கோலா சுங்கை பாரு

பேரனுடன் பகாங்கின் தாமான் நெகாராவுக்குப் புறப்படுகிறேன் என்றதும், "இந்த வயசுல காட்டுக்கா அண்ணே?" என்று சிரித்தார் எதிர்வீட்டுக்காரம்மா. கஜம் என்ற சொல்லே காஜாவாகி ஊர்ப்பெயரில் நின்றுவிட்ட அலோர் காஜா மாவட்டத்தில் பிறந்தும், நான் யானையைக் கண்டது ஆயர் குரோ மிருகக்காட்சி சாலையில் மட்டுமே. ஆயினும் வனத்தின் முதற்பாடத்தைப் பால்மரக் காட்டிலேயே கற்றவன் நான்: விடியுமுன் நெற்றி விளக்கோடு தம் நிரைக்குள் நுழையும் என் தாயார், உளிப்பிடியால் வாளியை இருமுறை தட்டுவார்; குட்டிகளோடு படுத்திருக்கும் பன்றி, திடீரென்று நம்மைக் கண்டால்தான் பாயும், முன்கூட்டியே கேட்டுவிட்டால் தானாக விலகிப்போகும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட சாஸ்திரம்.

ஜூலை 12, கோலா தஹான்

தெம்பெலிங் ஆற்றைப் படகில் கடந்தோம். 1938-39இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் அமைந்து, சுதந்திரத்துக்குப் பின் இன்றைய பெயரைப் பெற்ற இவ்வனத்தின் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். பேரன் ரொட்டிப் பையைச் சலசலவென்று பிரித்தான். வந்து நின்ற குரங்கைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். நமக்கு அது சிநேகம், குரங்கின் பாஷையில் அதற்குப் பொருள் வேறு. பை போயிற்று.

ஜூலை 13

காலை எட்டரை மணி இருக்கும். முன்னே நடந்த மலாய் வழிகாட்டி சட்டென்று கையை உயர்த்தி, பாதை நடுவே கிடந்த யானை லத்தியின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார், சூடு ஆறவில்லை. அருகே முறிந்திருந்த மூங்கிலில் ஈரம் காயவில்லை. அகன்ற அடித்தடங்களின் ஓரத்தில், சாப்பாட்டுத் தட்டளவே உள்ள சிறு தடங்களும் பதிந்திருந்தன. "குட்டியோடு போகிறது, பாச்சிக். திரும்புவோம்" என்றார்.

"யானையைப் பார்க்கத்தானே தாத்தா வந்தோம்?" என்று பேரன் முணுமுணுத்தான். அறுபத்தெட்டு வயதில் பாதி வழியில் திரும்புவது எனக்கும் கசக்கத்தான் செய்தது. எனினும் பணம் வாங்கிக்கொண்டு முன்னேற மறுக்கும் வழிகாட்டியைப்போல் நம்பத்தக்க மனிதர் வேறு யார்?

எதிர்பாராமல் யானை எதிர்ப்பட்டால் பெருமரத்தை நடுவில் வைத்துச் சத்தமின்றிப் பின்வாங்க வேண்டும், புலியாயின் முதுகைக் காட்டாமலும் ஓடாமலும் அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்னேற வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிவந்தார். புலியை மலாய்க்காரர் பெயர் சொல்லாது 'பா பெலாங்' என்பது வழக்கம். தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவாகிவிட்ட அந்த ஜீவன், எங்கள் பேச்சைக் கேட்குமளவு பக்கத்தில் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. ஒரு மரத்தில் தேனுக்காகக் கரடி ஏறிய நகக்கீறல்களைப் பேரன் விரலால் தடவிப் பார்த்தான்; அவனது ஐந்து விரல்களும் அவற்றுள் பொருந்தவில்லை.

படகுத்துறையில் காலுறையைக் கழற்றினேன். அட்டைகள் ஏழு. அவனுக்கு மூன்று. "இதிலாவது நான் ஜெயிக்கக்கூடாதா?" என்று அவன் கேட்டபோதுதான், திரும்பியது முதல் பேசாமலிருந்தவன் பேசினான்.