ஈர மணலில் ஒரு மருந்துக்குப்பி

அன்புத் தோழிக்கு,

வேலூரில் ஏறினவள் பெரம்பலூரில் இறங்கும்போது உச்சிவெயில். கரிசல் காடு, ரெண்டு பக்கமும் மக்காச்சோளம், சந்தைக்குப் போகும் சின்ன வெங்காய மூட்டைகள். அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா இருமிக்கொண்டே வந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மாதமாக இருமலாம். ரெண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளி பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் அரியலூர் வந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசியில் சாலையோரச் செடிகள் வெளுத்து நின்றன.

நான் இருப்பது ஏலாக்குறிச்சிக்குப் பக்கம், கொள்ளிடக் கரைக் கிராமம். ரெண்டு அறை, ஒரு மருந்து அலமாரி, ஒரு ஆட்டோகிளேவ்; அவ்வளவுதான் நம் சபையின் மருந்தகம். டாக்டர் வாரம் ஒருநாள் வருவார். முன்பெல்லாம் பிரசவமும் பாம்புக்கடியும் இந்தத் திண்ணைக்குத்தான் வருமாம். இப்போது ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, கூப்பிட்டால் 108 வருகிறது, அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பிறகு சபை என்னை எதற்கு இங்கே அனுப்பியது என்று முதல் வாரம் தவித்தேன்.

பதில் ஒரு பெரியவர் முதுகில் வந்தது. சட்டையைக் கழற்றச் சொன்னேன், துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. சலைன் விட்டு நனைத்து நனைத்துப் பிரித்தேன். உள்ளங்கை அகலம், நாலைந்து கண் வைத்து ஒவ்வொன்றிலும் சீழ். பிளவை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 380. இருப்பதே அவருக்குத் தெரியாது.

வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர் ஏலாக்குறிச்சி. அரியலூர் மழவராயருக்கு முதுகில் வந்த ராஜபிளவையை அவர் குணமாக்கினார் என்றும், அதற்கு நன்றியாக மன்னர் அடைக்கல மாதா கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்றும் இங்கே குழந்தைகூடச் சொல்லும். பெரியவரும் அதைத்தான் சொன்னார். "மாதா கோயில் மண்ணைப் பூசினாப் போதும் சிஸ்டரம்மா." நான் மாதாவை மறுக்கவில்லை. சர்க்கரை இருக்கும் உடம்பில் இந்தப் புண்ணை அறுத்துச் சுத்தம் செய்யவேண்டும், மண் பட்டால் விஷமாகும் என்றேன். "பெரியாஸ்பத்திரிக்குப் போனா மாட்டை யாரு பாக்கறது?" இவ்வளவுதான் தடை! காசும் இல்லை, பயமும் இல்லை, ரெண்டு மாடு. பக்கத்து வீட்டில் பேசி மாட்டுக்கு ஆள் பார்த்துக் கொடுத்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் கூடவே போய்ச் சேர்த்தேன்.

ஐடா ஸ்கடர் அம்மா 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு கிளினிக் தொடங்கினதை நாம் பாடமாகப் படித்தோம். அவர் வண்டியில் ஊர் ஊராகப் போய் மரத்தடியில் வைத்தியம் பார்த்ததுதான் இப்போது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆஸ்பத்திரி இருப்பது வேறு, ஆள் அதுவரை போய்ச் சேர்வது வேறு. நடுவில் இருக்கும் அந்த ஒருநாளில்தான் உயிர் போகிறது. போன மாதம் தரையில் படுத்துத் தூங்கிய ஒரு பிள்ளை விடியலில் வயிற்றுவலி என்று வந்தான். கடிவாய் தெரியவில்லை, ஆனால் இமை ரெண்டும் இறங்கிக்கொண்டே வந்தது. கட்டுவிரியனாகத்தான் இருக்கும் என்று உடனே 108-ஐக் கூப்பிட்டேன். நம் அலமாரியில் விஷமுறிவு மருந்து கிடையாது. பிள்ளை பிழைத்தான்.

பெரியவர் இன்சுலினோடு திரும்பி வந்தார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஒரு பெரிய மண்சட்டி, அதற்குள் சின்னச் சட்டி, இடையில் ஆற்று மணலைக் கொட்டி நனைத்து, குப்பியைச் சின்னச் சட்டிக்குள் வைத்து ஈரத்துணி போட்டு மூடினோம். தண்ணீர் தெளிக்கிற வேலை பேத்திக்கு. நேற்றுப் போனேன். புண் சிவந்து ஆறி வருகிறது. பேத்தி என் கையைப் பிடித்து இழுத்துப்போய் மூடியைத் திறந்து, "தொட்டுப் பாருங்க சிஸ்டரம்மா, ஜில்லுன்னு இருக்கு" என்றாள்.

நீ வரும்போது குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் ரெண்டு டப்பா வாங்கி வா. இங்கே தீர்ந்துகொண்டே இருக்கிறது.

அன்புடன்,
உன் தோழி